இடாப்பில் எத்தனை முஹம்மத், எத்தனை பாத்திமா? நமது பெயர்களின் கதை



அன்பின் பெற்றோர்களே, உறவுகளே, என்னிடம் படித்து இன்று வாப்பாவாகவும் உம்மாவாகவும் ஆகிவிட்ட பிள்ளைகளே,

நமது ஊர்ப் பாடசாலைகள் எதிலும் தரம் 1 வரவு இடாப்பை எடுத்துப் பாருங்கள். ஆண்பிள்ளைகளின் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை 'முஹம்மத்' நிற்கும். பெண்பிள்ளைகளின் பக்கத்தில் 'பாத்திமா' நிற்கும். இடையிடையே ஒரு அஹமத், ஒரு அப்துல், ஒரு ஆயிஷா. வெளி மாவட்டத்திலிருந்து இடமாற்றம் பெற்று வருகின்ற ஆசிரியர் முதல் வாரத்தில் தலையைப் பிடித்துக்கொள்வார். நாம் சிரித்துவிட்டு, 'கடைசிப் பெயரைப் பாருங்க சேர்' என்று சொல்வோம்.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம்தானா? நமது பெயர்கள் எப்போதும் இப்படித்தான் இருந்தனவா? கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் எடுத்து வாசியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரே பெயரைப் பலர் வைத்துக்கொள்வது நம்மிடம் மட்டும் உள்ள வழக்கமல்ல. இங்கிலாந்தில் 1800 ஆம் ஆண்டளவில் ஆண்களில் ஏறத்தாழ ஐந்து பேரில் ஒருவர் ஜோன். பெண்களில் ஏறத்தாழ நான்கு பேரில் ஒருவர் மேரி. 2023 இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த ஆண்பிள்ளைகளுக்கு அதிகம் வைக்கப்பட்ட பெயர் முஹம்மத் என்ற செய்தியை நம்மில் பலர் பகிர்ந்திருந்தோம். அந்த ஆண்டில் அங்கே அந்தப் பெயரைப் பெற்ற பிள்ளைகள் 4,661 பேர். மொத்த ஆண்பிள்ளைகளோடு ஒப்பிட்டால் அது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. பழைய ஜோனின் கூட்டத்துக்குப் பக்கத்தில் வராது.

நம் நாட்டிலேயே பாருங்கள். சிங்கள சகோதரர்களின் இடாப்பில் பெரேரா, சில்வா, பெர்னாண்டோ என்று வரிசையாக வரும். போர்த்துக்கேயர் காலத்தில் கரையோரத்தில் பரவிய பெயர்கள் அவை. அவர்களுக்கு ஒற்றுமை பெயரின் கடைசியில். நமக்கு முன்னால்.

நம் விஷயத்தில் ஒரு வேறுபாடு உண்டு. அந்த ஜோனை வீட்டில் ஜோன் என்றுதான் கூப்பிட்டார்கள். நமது முஹம்மதை யாரும் முஹம்மத் என்று கூப்பிடுவதில்லை. நபி (ஸல்) அவர்கள் மீதுள்ள அன்பினாலும் பரக்கத்தை நாடியும் முன்னால் வைக்கிறோம். கூப்பிடும் பெயர் பின்னால் வருகிறது. அதற்கும் முன்னால் வாப்பாவின் பெயர் வருகிறது. ஒரு உதாரணத்துக்கு, முஹம்மத் இஸ்மாயீல் முஹம்மத் ரிஸ்வான் என்றால் முதல் இரண்டும் வாப்பா, மூன்றாவது பரக்கத், நான்காவதுதான் பிள்ளை. பெண்பிள்ளைக்கும் அப்படியே. முஹம்மத் இஸ்மாயீல் பாத்திமா ரிஸ்னா.

இந்த அமைப்பில் ஒரு அழகு இருக்கிறது. நமது பெண்பிள்ளைகள் திருமணம் முடித்த பின்னும் கணவரின் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கடைசிவரை தன் வாப்பாவின் மகளாகவே கையொப்பமிடுகிறாள். ஆகவே அமைப்பில் பிழை இல்லை. பிழை எங்கே நுழைந்தது என்பதற்குத்தான் வரலாறு தேவைப்படுகிறது.

உங்கள் வீட்டில் பழைய காணி உறுதி ஏதும் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் வேறொரு உலகம் இருக்கும். மீராலெவ்வை, உதுமாலெவ்வை, அகமதுலெவ்வை, ஆதம்பாவா, அலியார், சேகு இஸ்மாயில், சின்ன மரைக்கார், தம்பிலெவ்வை, சீனிமுகம்மது. பெண்களில் பாத்தும்மா, பாத்துமுத்து, செய்னம்பு, அவ்வாஉம்மா, ஆசியாஉம்மா, மரியம்பீவி, முத்துநாச்சியா. கிழக்கில் வீடும் வளவும் மகளுக்கு எழுதிக்கொடுக்கின்ற வழக்கம் இருந்ததால், பெண்களின் பெயர்கள் உறுதிகளில் நிறையவே மிஞ்சியிருக்கின்றன.

இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலானவை அறபுப் பெயர்களே. உஸ்மான் நம் வாயில் உதுமானாகி, உதுமாலெவ்வையானார். ஸைனப் செய்னம்பானார். ஹவ்வா அவ்வாவானார். பாத்திமா பாத்தும்மாவும் பாத்துமுத்துவும் ஆனார். அதனுடன் முத்து, தம்பி, சின்ன, உம்மா என்ற நமது சொற்கள் ஒட்டிக்கொண்டன. லெப்பை என்பது ஓதிக்கொடுப்பவரின் மதிப்புப் பெயர். மரைக்கார் என்பது கடலோடிகளிடமும் பள்ளிவாசல் நிர்வாகத்திலும் வழங்கிய பெயர். பக்தாதில் 1166 இல் மறைந்த முஹியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் மீதான மதிப்பினால் முகைதீன், அப்துல் காதர் என்ற பெயர்கள் ஊருக்கு ஊர் நிறைந்தன. நாகூரில் அடங்கியிருப்பவரின் பெயரால் சாகுல் ஹமீதும் வந்தது.

அந்தக் காலத்திலும் ஒரே ஊரில் பத்து மீராலெவ்வை இருந்திருப்பார்கள். ஆனாலும் யாரும் குழம்பவில்லை. எந்தக் குடி, எந்த வளவு, யாருடைய மகன் என்று ஊருக்குத் தெரியும். ஓதிக்கொடுத்த லெப்பைக்குப் பிள்ளையின் பெயர் தெரியுமுன் வீடு தெரியும். பெயர் ஒன்றானாலும் ஆள் வேறு என்பதை ஊரே நினைவில் வைத்திருந்தது.

பிறகு எழுத்து வந்தது. 1860களில் பிரித்தானியர் பிறப்பு, இறப்புகளை அரச பதிவாளரிடம் பதியும் முறையைக் கொண்டுவந்தனர். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் நமது சமூகத்தில் நவீன கல்வியும் தொடங்கியது. கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை (1838–1898) 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1883 இல் எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கு வந்த ஒராபி பாஷா 1901 வரை நம் நாட்டில் இருந்தார். 1892 இல் கொழும்பில் அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா தொடங்கியது. அதுவே பின்னர் ஸாஹிராக் கல்லூரி. பாடசாலை என்றால் சேர்விடாப்பு. சேர்விடாப்பு என்றால் முழுப்பெயர், முதலெழுத்து.

முதலெழுத்து முறை ஆரம்பத்தில் நமக்கு நன்றாகவே பொருந்தியது. ஊரின் நினைவைச் சுருக்கி எழுத்தில் கொண்டுவந்த மாதிரி. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் (1867–1915) என்ற தலைவரின் பெயரில் உள்ள அந்த மூன்று எழுத்தும் இத்ரூஸ் லெப்பை மரைக்கார் என்ற அவரது வாப்பா. அங்கே 'எம்' என்றால் மரைக்கார், முஹம்மத் அல்ல. இலங்கை சிவில் சேவையில் 1935 இல் சேர்ந்த முதல் முஸ்லிம், பின்னர் 1948 முதல் 1961 வரை ஸாஹிராவின் அதிபராக இருந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களின் முதல் 'ஏ' அபூபக்கர் என்ற அவரது வாப்பா. அவருக்கு முன் ஸாஹிராவைக் கட்டி எழுப்பிய டீ.பி. ஜாயா அவர்களின் 'டீ' துவான். நமது மலாய் சகோதரர்களின் அடையாளம் அது. ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் ஒரு ஆள், ஒரு குடும்பம், ஒரு வரலாறு.

ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையைப் பார்ப்போம். 1877 இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார். அவரது மகன் சட்டநிரூபண சபையில் நமது பிரதிநிதியாக இருந்த டபிள்யூ.எம். அப்துர் ரஹ்மான். அந்த இரண்டு எழுத்தும் வாப்பிச்சி மரைக்கார். அவரது மகன் முதலில் ஏ.ஆர்.ஏ. ராஸிக் என்றும் பின்னர் சேர் ராஸிக் பரீத் என்றும் அறியப்பட்டவர். முதல் இரண்டு எழுத்தும் அப்துர் ரஹ்மான். மூன்றாம் தலைமுறையின் பெயரில் வாப்பிச்சி மரைக்கார் இல்லை. வாப்பிச்சி என்பது நம்மவர் வாயில் பிறந்த பெயர். ராஸிக், பரீத் எகிப்திலும் சிரியாவிலும் உள்ளவர்களுக்கும் உடனே விளங்குகின்ற பெயர்கள். எழுபது, எண்பது வருடத்தில் நமது சமூகம் முழுவதும் நடந்த மாற்றம் இந்த ஒரு வீட்டிலேயே தெரிகிறது.

மாற்றத்தைக் குறை சொல்லவில்லை. அறபு மொழியோடும் உலக முஸ்லிம்களோடும் தொடர்பு நெருங்கியபோது, படித்த பெற்றோர் நல்ல பொருளுள்ள, உச்சரிப்புச் சுத்தமான பெயர்களைத் தேடினார்கள். லெவ்வையும் மரைக்காரும் பழைய ஆட்களின் பெயர் என்றாகிவிட்டன. உதுமாலெவ்வையின் பேரன் முஹம்மத் உஸ்மான் ஆனார். செய்னம்புவின் பேத்தி பாத்திமா ஸைனப் ஆனாள். நோக்கம் நல்லது. ஆனால் யாரும் எதிர்பார்க்காத ஒரு விளைவு வந்தது.

அது எப்படி என்று ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துச் சொல்கிறேன். மூத்தவாப்பா உதுமாலெவ்வை. அவரது மகன் யூ.எல். முஹம்மத் இஸ்மாயீல். ஊரில் 'யூ.எல்.' என்றாலே யார் வீடு என்று விளங்கும். அடுத்த தலைமுறை எம்.ஐ.எம். ரிஸ்வான். பரவாயில்லை, நடுவில் ஒரு 'ஐ' இருக்கிறது. அதற்கடுத்த தலைமுறை எம்.ஆர்.எம். ஆகில். இப்போது வகுப்பைப் பாருங்கள். ரிஸ்வானின் மகனும் எம்.ஆர். தான், றியாஸின் மகனும் எம்.ஆர். தான், றமீஸின் மகனும் எம்.ஆர். தான். எல்லோருக்கும் முன்னால் எம், எல்லோருக்கும் பின்னால் எம். பெண்பிள்ளை என்றால் பின்னால் எஃப். வாப்பாமாரின் பெயர்கள் விதவிதமாக இருந்தவரை முதலெழுத்து நம்மைப் பிரித்துக் காட்டியது. வாப்பாமாருக்கும் முஹம்மத் முன்னால் வந்த பிறகு முதலெழுத்தும் ஒன்றாகிவிட்டது. முன்னோரின் நினைவும் போனது, அடையாளமும் போனது.

இதே காலத்தில் இடாப்புகளும் பெருத்தன. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972 முதல் தேசிய அடையாள அட்டை வந்தது. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து மத்திய கிழக்குப் பயணம் தொடங்கியது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் எது, மற்றப் பெயர் எது என்று கேட்டார்கள். நமக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லை. முன்னால் இருப்பது வாப்பா, பின்னால் இருப்பது பிள்ளை. எதை எங்கே போடுவது? ஆளுக்கொரு விதமாகப் போட்டார்கள். ஒரே வீட்டுச் சகோதரர்கள் இரண்டு குடும்பப் பெயரோடு விமான நிலையத்தில் நின்ற கதைகள் நம் ஊரில் நிறைய உண்டு.

எழுத்துக்கூட்டல் வேறு. முஹம்மத், முகம்மது, மொஹமட், மொஹமத். ஆங்கிலத்தில் ஓ போட்டு ஒருவர், யூ போட்டு ஒருவர், ஒரு எம் விட்டு ஒருவர், இரண்டு எம் வைத்து ஒருவர். பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் பதியப்பட்டால் தமிழில் திரும்பும்போது இன்னொரு உருவம். இதன் விலையைச் செலுத்துபவர் பிள்ளைதான். பரீட்சை விண்ணப்பத்தில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்று வந்து, சத்தியக் கடதாசிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைகின்ற பெற்றோரை ஒவ்வொரு வருடமும் காண்கிறோம். பல்கலைக்கழகப் பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஓடி வருகின்றவர்களும் இருக்கிறார்கள்.

காகிதத்தைத் திருத்தலாம். மனதில் படுவதைத் திருத்துவது கஷ்டம். ஒரே வகுப்பில் மூன்று ரிஸ்வான் இருந்தால் என்ன நடக்கிறது? பெரிய ரிஸ்வான், சின்ன ரிஸ்வான், கறுத்த ரிஸ்வான். பிள்ளைகள் மட்டும் இப்படிக் கூப்பிடுவதில்லை. பெரியவர்களும் கூப்பிடுகிறார்கள். அந்தக் 'கறுத்த' என்ற சொல் தரம் 3 இல் ஒட்டினால் சாதாரண தரம் வரை கூட வரும். பெண்பிள்ளைகளுக்குக் 'குண்டு', 'கட்டை'. சில இடங்களில் இடாப்பு இலக்கமே பெயராகிவிடுகிறது. வாப்பாவும் உம்மாவும் பல நாள் யோசித்து, பொருள் பார்த்து, அகீகா கொடுத்து வைத்த பெயர் வகுப்பறையில் ஒரு இலக்கமாகவோ நிறமாகவோ மாறிவிடுகிறது.

இந்தச் சிக்கலை நமது மார்க்க அறிஞர்கள் ஆயிரம் வருடங்களுக்கு முன்பே சந்தித்திருக்கிறார்கள். ஸஹாபாக்களில் அப்துல்லாஹ் என்ற பெயருடையோர் எத்தனையோ பேர். அவர்களில் நால்வரை மட்டும் சேர்த்து 'அபாதிலா' என்று குறிப்பிட்டார்கள். அப்துல்லாஹ் இப்னு அப்பாஸ், அப்துல்லாஹ் இப்னு உமர், அப்துல்லாஹ் இப்னு ஸுபைர், அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி). தன் பெயர் ஒன்றுதான். வாப்பாவின் பெயர்தான் பிரித்தது. உம்முஹாத்துல் முஃமினீன்களில் ஸைனப் இருவர். ஒருவர் பின்த் ஜஹ்ஷ், மற்றவர் பின்த் குஸைமா (ரழி).

ஹதீஸ் கலையில் இது சாதாரண விஷயமல்ல. ஒரே பெயரில் இரண்டு அறிவிப்பாளர்கள் இருந்து, ஒருவர் நம்பகமானவராகவும் மற்றவர் பலவீனமானவராகவும் இருந்தால், ஆளை மாற்றிப் புரிந்துகொண்டால் ஹதீஸின் தரமே மாறிவிடும். அதற்காகவே ஒரு தனிக் கலை வளர்ந்தது. பக்தாதைச் சேர்ந்த கதீப் அல் பக்தாதி (மறைவு ஹிஜ்ரி 463, கி.பி. 1071) பெயர் ஒத்து ஆள் வேறுபட்டவர்களைப் பற்றி 'அல் முத்தஃபிக் வல் முஃப்தரிக்' என்று ஒரு நூலே எழுதினார். அவருக்குப் பின் வந்த இப்னுஸ் ஸலாஹ் கலீல் இப்னு அஹ்மத் என்ற பெயரில் மட்டும் ஆறு பேரை எடுத்துக்காட்டினார். அவர்களில் ஒருவர்தான் அறபு யாப்பிலக்கணத்தை வகுத்த பஸராவின் மொழியறிஞர். வாப்பாவின் பெயரும் ஒன்றானால் பாட்டனாரின் பெயர், ஊர், தொழில், குன்யா என்று தேடித்தேடி ஆளைப் பிரித்தார்கள். தாம் ஒருபோதும் காணாத, இருநூறு வருடத்துக்கு முன் மறைந்த ஒரு மனிதரை இன்னொருவரோடு கலந்துவிடக் கூடாது என்பதற்கு அத்தனை உழைப்பு. கண்முன்னே இருக்கும் பிள்ளைக்கு நாம் எவ்வளவு உழைக்கிறோம்?

'அறிவிப்பாளர்களிலும் அஃமஷ் என்றும் அஃரஜ் என்றும் இருந்தார்களே' என்று யாராவது கேட்கலாம். பார்வை மங்கியவர், கால் ஊனமானவர் என்று பொருள். உண்மைதான். ஆளை அடையாளம் காண்பதற்காக மட்டும், இழிவுபடுத்தும் எண்ணம் இல்லாமல் சொல்லலாம் என்றும், வேறு வழி இருந்தால் அதுவே மேல் என்றும் அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். பட்டப்பெயர் சூட்டி அழைப்பதை சூரத்துல் ஹுஜுராத் தடுக்கிறது. வகுப்பறையில் வேறு வழி எப்போதும் இருக்கிறது.

இன்னொன்று. நபி (ஸல்) அவர்கள் கெட்ட பொருளுள்ள பெயர்களை மாற்றினார்கள். ஆனால் உமர், உஸ்மான், ஹம்ஸா, கதீஜா எல்லாம் இஸ்லாத்துக்கு முன்பே அறபிகளிடம் இருந்த பெயர்கள். அவற்றை மாற்றவில்லை. அனஸ் (ரழி) அவர்களின் சின்னத் தம்பிக்கு ஒரு சிறு குருவி இருந்தது. அந்தச் சிறுவனை 'அபூ உமைர்' என்று விளித்து, குருவியைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் விளையாட்டாக விசாரித்த செய்தியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பால்குடி மறந்த ஒரு பிள்ளைக்கு, பெரிய மனிதருக்குரிய கண்ணியமான பெயர்.

ஆகவே என் வேண்டுகோள்கள் சில.

பெற்றோர்களே, முஹம்மதையும் பாத்திமாவையும் விடச் சொல்லவில்லை. வையுங்கள். ஆனால் பிறப்பைப் பதிய முன் ஒரு தாளில் முழுப்பெயரையும் மூன்று மொழியிலும் எழுதி, முதலெழுத்துகளோடும் எழுதிப் பாருங்கள். மச்சானின் மகனுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதே எழுத்துகளும் அதே பெயரும் வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விரும்பினால் மூத்தவாப்பாவின் பெயரையும் சேருங்கள். எந்த எழுத்துக்கூட்டலோ அதையே கிளினிக் அட்டையிலிருந்து கடவுச்சீட்டு வரை பிடித்துக்கொள்ளுங்கள். பிழை இருந்தால் பிள்ளை தரம் 1 இல் இருக்கும்போதே திருத்துங்கள், தரம் 11 வரை விடாதீர்கள்.

சக ஆசிரியர்களே, மூன்று ரிஸ்வான் இருந்தால் 'இஸ்மாயீல்ட ரிஸ்வான்', 'ஜவ்பர்ட ரிஸ்வான்' என்று கூப்பிடுவோம். நமது ஊர் பேச்சிலும் அப்படித்தான், ஹதீஸ் கலையிலும் அப்படித்தான். வாப்பாவை இழந்த பிள்ளைக்கு அந்தப் பெயர் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது காதில் விழும். அது சின்ன விஷயமல்ல.

எல்லோருக்கும் ஒன்று. உங்கள் உம்மாவின் உம்மா, அவரின் உம்மா யார் என்று வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இடாப்பும் முதலெழுத்தும் வாப்பாவின் பக்கத்தை ஓரளவாவது காப்பாற்றின. செய்னம்புவையும் பாத்துமுத்துவையும் காப்பாற்ற எந்த எழுத்தும் இருக்கவில்லை. உறுதிப் பத்திரத்தைக் கறையான் தின்றால் அவர்களும் அதோடு போய்விடுவார்கள்.

எழுதி வைத்த பிறகு அந்தப் பெயர்களைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். உச்சரிப்பைத் திருத்த வேண்டாம். அவர்களை உயிரோடு இருக்கும்போது எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படியே வாசியுங்கள்.

வஸ்ஸலாம்.